பதினேழு மில்லிமீட்டர்

அலாரம் ஐந்து மணிக்கு. அது அடிப்பதற்குள் சேரன் எழுந்துவிடுவான். எழுந்து அதை அணைப்பான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துவான். கால் லிட்டர் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போடாமல் குடிப்பான். குளிப்பான். சாம்பல் நிறச் சட்டைகள் மூன்று உண்டு, கொடியில் எது காய்ந்திருக்கிறதோ அது. ஆறு மணிக்குக் கீரனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மலையாண்டி கடையில் நான்கு இட்லி. திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் இலையை மடக்கும்போதே ஒரு கண்ணைப் பேருந்தின் மேல் வைத்திருப்பார்கள். அவன் எதன் மேலும் கண் வைப்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவி, ஆறரைக்குத் திருச்சி சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கும் தன் வீல் அலைன்மெண்ட் பட்டறையின் ஷட்டரைத் தூக்குவான். மனைவி அன்புமொழி இறந்து பதினோரு மாதம் ஆகிறது. இந்த ஒழுங்கு ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பிசகவில்லை. ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் திறந்தான். மச்சினன் கவியரசன் வருவதாக இருந்தது.

முந்தின நாள் மாமியார் ஞானமணி போன் செய்திருந்தாள். சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"நம்ம கவிக்குச் சிங்கப்பூர் பெர்மிட் வந்துருச்சு மாப்ள. இன்னும் பத்து நாள்ல போறான். அந்தக் காரை வித்துட்டுப் போகணும். வாங்க வந்த ஆளு சுத்திப் பாத்துட்டு, வண்டி ஒரு பக்கமா நொண்டுது, வேணாம்னு போயிட்டாரு. மூணு பட்டறையில காட்டியாச்சு, ஒண்ணும் ஆவல. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி பாக்க வாராரு. நீங்க ஒரு எட்டு பாத்து விட்டீங்கன்னா…"

சேரன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"நீங்க அவன்கூடப் பேசுறதில்லன்னு எனக்குத் தெரியும். மக போயிட்டா. இருக்குறவனாச்சும் கரை சேரட்டும் மாப்ள."

"அனுப்புங்க," என்றான் சேரன். அன்று படுத்ததும் தூங்கிவிட்டான். அப்படித் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கார்தான். கவியரசன் ஓட்ட, பக்கத்தில் அன்புமொழி உட்கார்ந்து, திருச்சிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதப் போன கார். படிப்பதற்கு அமைதியாக இருக்கும் என்று அவள் நான்கு நாள் முன்னாலேயே கீரனூருக்குத் தெற்கே இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று தம்பி சொன்னான். கீரனூரைத் தாண்டி ஐந்தாவது கிலோமீட்டரில், ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் மோதியது. அவனுக்கு நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரி வாசலில் சேரனைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "மாடு குறுக்க வந்துருச்சு மச்சான். அக்காதான், நேரமாச்சு வேகமாப் போடா, வேகமாப் போடான்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு."

அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் வாயில் அது இருந்தது. முப்பதாம் நாள் ஜெபத்தில், பந்தியில், "பாவம், அது அவசரமே அதுக்கு எமனாயிருச்சு" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள். காவல் நிலையத்தில் எழுதிய தாளிலும் கவியரசன் சொன்னபடி அது ஏறியது. அந்தத் தாளில் சேரன் கையெழுத்துப் போட்டான். போடச் சொன்ன இடத்தில் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று மூன்று நாள் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

பத்து மணிப் பரீட்சை. வீட்டை விட்டுக் கிளம்பியது ஆறே கால். ஒரு மணி நேரப் பாதை. ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் முதல் நாள் மத்தியானமே பிளாஸ்டிக் உறையில் போட்டு, போட்டோ எடுத்துச் சேரனுக்கு அனுப்பியிருந்தாள். பைக்கில் ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளுவாள், தழும்பு விழுகிற மாதிரி. அவளா வேகமாகப் போகச் சொல்லியிருப்பாள்? செத்தவளால் மறுக்க முடியாது என்கிற ஒரே தைரியத்தில் ஒருவன் அவள் வாயில் ஒரு பேச்சைத் திணித்துவிட்டான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. சேரனுக்கு நிவாரணம் வேண்டாம், நீதி வேண்டாம். அந்தப் பேச்சைக் கவியரசன் வாயாலேயே திரும்பப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது வலிக்க வேண்டும். பத்து நாளில் ஆள் சிங்கப்பூரில் இருப்பான். கார் வேறு ஒருவன் வாசலில் நிற்கும். விட்டால் பிடிக்க முடியாது.

கவியரசன் ஏழு மணிக்கு வந்தான். இளைத்திருந்தான். நெற்றித் தழும்பை முடி வளர்த்து மறைத்திருந்தான். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான். சேரன் கையைக் காட்டினான், மேடையில் ஏற்று என்று. ஏற்றினான்.

"சாப்பிட்டீங்களா மச்சான்?"

"எறங்கு. கைலி இருந்தா மாத்திக்க. நீதான் வேல பாக்கப் போற."

"நானா?"

"ஸ்பிரிங் மாட்டுனது யாரு?"

கவியரசன் இறங்கிப் பின் சீட்டிலிருந்து கைலியை எடுத்தான். காரைத் தாழ்த்துகிற அந்தக் கட்டை ஸ்பிரிங்குகளை மாட்டியது அவன்தான். விபத்துக்குப் பிறகு நொறுங்கிய இடது பக்கத்தைத் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் சரிசெய்தார்கள். தகடு மாற்றி, பெயிண்ட் அடித்து, இருந்த ஸ்பிரிங்குகளை இருந்தபடியே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வண்டி வலப்பக்கமாக, முன்னால் சாய்ந்து நின்றது. ஒரு தோளில் மட்டும் மூட்டை சுமக்கிறவனைப் போல.

அவன் கைலி கட்டிக்கொண்டிருந்தபோது சேரன் டார்ச்சை வலது சக்கரத்தின் மேலே உள்ளே அடித்துப் பார்த்தான். ஒரு நொடிதான். அது போதும். நிமிர்ந்து டார்ச்சை அணைத்தான். வியாதி தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் சொல்லப்போவதில்லை. நோயாளியே தன் வயிற்றைக் கிழித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

"மொதல்ல காத்து," என்றான். கவியரசன் நான்கு டயரிலும் காற்றழுத்தம் பார்த்தான். சரியாக இருந்தது. "டிக்கி." டிக்கி காலி. "தரை." கவியரசனுக்குப் புரியவில்லை. சேரன் மூலையிலிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை எடுத்துப் போட்டான். மேடையின் நான்கு மூலையிலும் குழாயைப் பிடித்து மட்டம் பார்க்க வைத்தான். தண்ணீர் நான்கிலும் ஒரே கோட்டில் நின்றது. "தர சரியா இருக்கு. எதுக்குப் பாக்கச் சொன்னேன்னு பொறவு சொல்றேன். இப்ப அள. தரையிலேருந்து இல்ல. சக்கரத்து நடுவுலேருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும்."

இடது முந்நூற்று ஐம்பத்திரண்டு. வலது முந்நூற்று முப்பத்தைந்து.

"வித்தியாசம்?"

"பதினேழு மில்லிமீட்டர் மச்சான்."

"எந்தப் பக்கம் மோதுச்சு?"

கவியரசன் டேப்பைச் சுருட்டினான். "எடது."

"மோதுன பக்கம் நிமுந்து நிக்குது. மோதாத பக்கம் ஏன் எறங்கிருக்கு?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்க. கீழ போ."

குழிக்குள் இறங்க வைத்தான். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே தளர்த்தி, காரை நாலு முறை அமுக்கிவிட்டு, மறுபடி முறுக்கச் சொன்னான். வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். தஞ்சாவூரில் அப்படித்தான் முறுக்கியிருந்தார்கள். தளர்த்தியதும் இடது மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. வலது அசையவில்லை.

"பதினாலு," என்றான் கவியரசன். முகத்தில் கரியும் வியர்வையும். "கொறஞ்சிருச்சு மச்சான். இதுபோதும். அவரு கண்ணுக்குத் தெரியாது."

"எங்கண்ணுக்குத் தெரியுதே."

குழிக்குள் நின்றுகொண்டிருந்த அவன் தலை சேரனின் செருப்புக்கு நேராக இருந்தது. மேலே ஒன்றரை டன் இரும்பு. பதினோரு மாதத்தில் சேரன் இப்படிப்பட்ட பலவற்றை யோசித்திருக்கிறான். ஒரு போல்ட்டைப் பாதி மரையில் விட்டால் போதும். அன்றைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். மூன்றாம் நாள் பைபாஸில் கழன்றுகொள்ளும். யோசித்து யோசித்துத் தள்ளிவிட்டான். பாவம் என்று பார்த்து அல்ல. இவன் செத்தால் அந்தப் பொய் செத்தவன் சொல்லாகிவிடும். செத்தவன் சொல்லை ஊர் சாமியாக்கிக் கும்பிடும். இவன் உயிரோடு இருக்க வேண்டும், வாய் திறக்க வேண்டும்.

"வலது வீலக் கழட்டு."

"மச்சான்…"

"கழட்டு. ஷாக்கோட வெளிய எடு."

அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. சேரன் ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கவியரசனுக்கு இரண்டு முறை கை வழுக்கியது. விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. கந்தல் துணியில் சுற்றிக்கொண்டான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை மாட்டும்போது சுவரில் காலை ஊன்றி இழுத்தான். சேரன் அதையும் பார்த்தான். வலது முடிந்ததும் இடது. இரண்டு ஸ்பிரிங்குகளும் சிவப்பு நிறம். இரண்டையும் தகர மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வைத்தான்.

"எண்ணு."

"என்ன?"

"சுத்து. ரெண்டுலயும் எத்தன சுத்துன்னு எண்ணு. சத்தமா எண்ணு."

கவியரசன் விரலை வைத்து எண்ணினான். பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். இடது ஆறு. வலது ஐந்து… ஐந்தரை.

"கடையில அரைச் சுத்து கொறச்சுக் குடுத்தானா?"

கவியரசன் விரலை எடுத்தான். வலது ஸ்பிரிங்கின் நுனி மட்டும் சிவப்பாக இல்லை. கிரைண்டர் பட்டு நீலம் பாய்ந்து, அதன் மேல் துரு ஏறியிருந்தது. ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தின் படியில் முட்டி நிற்க வேண்டிய நுனி அது. முட்ட இடமில்லாமல் கிண்ணத்துக்குள் அங்கும் இங்கும் நழுவியிருந்தது. நழுவிய தடம் கிண்ணத்தில் வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், அது இடம் மாறி, வண்டியின் மூக்கைப் பிடித்து இழுக்கும்.

"ஏன் வெட்டுன?"

"மாட்டி முடிச்சதும் வலது பக்கம் ஒரு வெரல் ஒசரமா இருந்துச்சு மச்சான். ஃபிரண்ட்ஸெல்லாம் சிரிச்சாங்ஙெ. சமம் பண்ணலாம்னு…"

"எங்க வச்சு அளந்த?"

"வீட்டு வாசல்லதான்."

சேரன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பட்டறைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. மாமியார் வீட்டு வாசல் அவனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு போட்ட சிமெண்டுத் தளம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறாமல் தெருவுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் ஒரு சாண் வாட்டம் விட்டுப் போட்டது. பந்தி போட்ட அன்று அந்த வாசலில் ரசம் இலையை விட்டு ஓடியது.

"டிப்ளமோவுல என்னடா படிச்ச? வாட்டம் விட்ட தரையில நிறுத்தி வண்டிய அளந்திருக்க. வண்டி சரியாத்தான் இருந்துச்சு. தரதான் சாஞ்சிருந்துச்சு. நல்லா இருந்த ஸ்பிரிங்க எடுத்து வெட்டி, அதுல எம்பொண்டாட்டிய ஏத்திக்கிட்டுப் போயிருக்க."

கவியரசன் வெட்டிய நுனியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"பெட்டியோட எங்கிட்டதான மொதல்ல வந்த? நான் அன்னைக்கே என்ன சொன்னேன்?"

சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. ஒரு சனிக்கிழமை, பட்டறையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருக்கும்போது கவியரசன் ஸ்பிரிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாட்டிக் கொடுங்க மச்சான் என்றான். "மனுசன் ஏறுற வண்டிய எறும்பு ஏறுற வண்டியா ஆக்கணுமாக்கும்? சைக்கிளுக்குச் செயின் மாட்டத் தெரியாதவனுக்கு இந்த வேல எதுக்கு? தூக்கிட்டுப் போடா" என்று சேரன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கவியரசனும் சிரித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்றுதான் சேரன் இந்தப் பதினோரு மாதமும் எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் எழுந்து ஒரு சாக்கை உதறினான். இரண்டு ஸ்பிரிங்கையும் அதற்குள் போட்டான்.

"மணி ஒம்பதரை. இப்பப் போனா ஞாயித்துக்கெழமப் பூசை முடியிற நேரத்துக்கு ஒங்கூருக் கோயில் வாசல்ல இருப்பேன். ஊரே வெளிய வரும். ஒங்கம்மா முன்னால இத ரெண்டையும் வைக்கிறேன். எண்ணத் தெரிஞ்சவங்ஙெ எண்ணிக்கிறட்டும்."

"மச்சான், வேணாம். அம்மா தாங்காது."

"நான் தாங்குனேன்ல?"

"ஒங்களக் கும்புடுறேன் மச்சான்." கவியரசன் உண்மையிலேயே கும்பிட்டான். துணி சுற்றிய கையும் கரி படிந்த கையும் சேரவில்லை.

"மாடு வந்துச்சா?"

"இல்ல."

"எத்தனையில போன?"

"தொண்ணூறு."

"அவ வேகமாப் போகச் சொன்னாளா?"

அவன் தலையை ஆட்டினான். "இல்ல மச்சான். அக்கா அப்புடிச் சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன். வாய்ல வந்துருச்சு. எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னாங்க, வாய்ல வந்துருச்சு. அப்புறம் மாத்த முடியல."

ஆக, முடிந்தது. பதினோரு மாதம் எதற்காகக் காத்திருந்தானோ அது தரையில் கிடந்தது. பிடுங்கியாகிவிட்டது, வலித்தும் இருக்கிறது. சேரன் தன் நெஞ்சுக்குள் ஏதாவது இறங்குமா என்று பார்த்தான். இறங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்விகள் தீர்ந்துவிட்டன. அடுத்த கேள்வி ஒத்திகையில் இல்லாதது. அது தானாக வந்தது.

"அப்ப என்னதான் சொன்னா?"

கவியரசன் நிமிர்ந்தான். இதுவரை இல்லாத ஒரு பயம் அவன் முகத்தில் இருந்தது. அது தனக்காகப் படுகிற பயம் மாதிரி இல்லை.

"அதக் கேக்காதீங்க மச்சான்."

"சொல்லு."

"சாக்கக் கொண்டுபோயி கோயில் வாசல்ல வச்சிருங்க. நானே கூட வாரேன். நானே எல்லார்ட்டயும் சொல்றேன். இத மட்டும் கேக்காதீங்க."

சேரன் சாக்கைக் கீழே வைத்தான். ஸ்டூலை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தான். கவியரசன் கழற்றி வைத்திருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தான். ஒன்று சேரனைப் பார்க்க வேண்டும், இல்லை வாசலைப் பார்க்க வேண்டும். அவன் வாசலைப் பார்த்தான்.

"கீரனூருக்குள்ள வரும்போதே அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னடா, வண்டி ஓம்பக்கமாச் சாயுது, டக்கு டக்குங்குதுன்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்லக்கான்னேன். விடல. ஸ்பிரிங்க வெட்டுனதச் சொல்லிட்டேன். மச்சானுக்குத் தெரியுமான்னுச்சு. தெரியாதுன்னேன். அப்பவே பஸ்ஸ்டாண்டத் தாண்டிட்டோம். பட்டற தெரிஞ்சுச்சு. ஷட்டரு தொறந்திருந்துச்சு மச்சான். நீங்க ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அந்தா, கம்ப்ரசருகிட்ட குனிஞ்சு நின்னீங்க."

சேரன் கம்ப்ரசரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா அதச் சொன்னதும் நான் காலை எடுக்கல. மிதிச்சுட்டேன். நீங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள தாண்டிறணும்னு. திரும்பிட்டீங்கன்னா முடிஞ்சுச்சு. அக்கா முன்னால வைவீங்க, அன்னைக்கு மாதிரி. அது மட்டுந்தான் மண்டைக்குள்ள இருந்துச்சு. அப்ப மிதிச்சவன்தான், கொறைக்கவே இல்ல."

"பொறவு?"

"பொறவு அக்கா பேசல. கோவம். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வந்துச்சு. பாலம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. பேச்சுன்னா அதான் கடைசி."

"எது?"

சாலையில் ஒரு புதுக்கோட்டைப் பேருந்து போனது. அது கிளப்பிய தூசி ஷட்டருக்குள் நுழைந்து, முன்னங்கால் இரண்டும் இல்லாமல் ஜாக்கிகளின் மேல் நின்ற காரின் மீது மெதுவாகப் படிந்தது. பேசலாம் என்று கவியரசன் இரண்டு முறை வாயைத் திறந்தான். மூன்றாம் முறை அவள் பேசுகிற மாதிரியே, பாதி அதட்டலும் பாதிச் சிரிப்புமாக, அது வந்தது.

"பட்டறையில நிப்பாட்டுடா கவி. வஞ்சா என்னைய வையட்டும்."